வாழைக்குக் கல்யாணம் உண்டா?

மணமக்களை 'வாழையடி வாழையாக' வம்சம் தழைக்கும்படி ஆசீர்வதிக்கின்ற பெரியவர்கள், அந்த வாழ்த்தின் தாத்பரியத்தைத் தாவர சாஸ்திரம் பயின்ற ஒருவரிடம் விசாரித்தறிவார்களேயானால், அட்சதையைத் தூவுவதற்கு முன் சற்றே தயங்குவார்கள். ஏனெனில், தோட்டத்து வாழைக்குக் கல்யாணமே கிடையாது.

ஜீவராசிகளின் சந்தான விருத்தியைப் பற்றி எழுதுமாறு பணிக்கப்பட்டேன். யானை ஏறக்குறைய 22 மாதம் கருவைச் சுமப்பதும், கடற்குதிரையில் ஆணே கருவைச் சுமப்பதும் வாசகர்கள் அறிந்த விநோதங்களே. என் மனமோ கொல்லைப்புறத்து வாழையை விட்டு நகர மறுக்கிறது.

காட்டு வாழை சம்சாரிதான். இரவில் தேன் குடிக்க வருகிற வௌவால் அதன் மகரந்தத்தைப் பூவுக்குப் பூ கொண்டு சேர்க்க, பழத்தில் சதையைக் காட்டிலும் கல் போன்ற கரிய விதைகளே மிகுந்திருக்கும். விதையற்ற வாழை ஏதோவொன்று அகப்பட்ட ஆதி மனிதன், அதன் பக்கக்கன்றைப் பெயர்த்து நட்டு, நாவின் சுகத்துக்காக அதைப் பிரம்மசாரியாக்கிவிட்டான். நாம் உண்ணும் வாழைகளில் பெரும்பாலானவற்றுக்குக் குரோமோசோம்கள் இரண்டு தொகுதியாக இராமல் மூன்றாக இருப்பதால், அவை சரிபாதியாகப் பிரிய வழியின்றி அநேகமாக விதை பிடிப்பதில்லை. மகரந்தம் படாமலே காய் திரண்டுவிடுகிறது. ஆகவே, கிழங்கின் பக்கத்தில் முளைக்கும் கன்று தாய்க்கு மகளன்று, தாயேதான். தாய்க்கு நோய் கண்டிருந்தால் அதுவும் சீதனமாகக் கூடவே வரும்.

இந்த ஒற்றைச் சரீரத்தை ஊர் ஊராக நட்டுவைப்பதன் அபாயத்தை மத்திய அமெரிக்கா கண்டுகொண்டது. மேனாட்டுச் சந்தைகளை ஆண்டுவந்த 'குரோ மிஷெல்' என்னும் ரகம், மண்ணில் வாழும் ஒரு பூஞ்சணத்தால் உண்டாகிற பனாமா வாடல் நோய்க்கு இரையாகி, 1960-களில் ஏற்றுமதி வர்த்தகத்திலிருந்தே மறைந்தது. அதன் ஸ்தானத்தில் அமர்ந்த கேவண்டிஷ் ரகத்தையும் அதே பூஞ்சணத்தின் வேறொரு வம்சம் ஆசியாவில் பற்றிக்கொண்டு, 2019-இல் கொலம்பியா வரை சென்றுவிட்டது. நோய் புகுந்த மண்ணில் அது பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். நம் ரஸ்தாளி பழைய வாடல் நோய்க்கே தாங்குவதில்லை. பழனி மலைச்சாரலின் விருப்பாட்சியையோ அசுவினிப் பூச்சி பரப்புகிற முடிக்கொத்து நோய் பெருமளவு அழித்தது. பஞ்சாமிர்தத்தின் மணமே அந்தப் பழத்தால் வந்தது என்று சொல்வோர் உண்டு; நானும் அந்தக் கட்சிதான்.

திசு வளர்ப்புக் கன்றுகள் நோயற்றவை, ஒரே காலத்தில் குலை தள்ளுபவை என்று அவற்றை ஆதரிப்போர் கூறுவர்; அதுவும் வாஸ்தவமே. எனினும் ஜி-9 என்னும் அத்தகைய கன்றுகளை நட்ட வயல்களைக் கடக்கும்போதெல்லாம், ஆயிரம் மரங்களையன்று, ஆயிரம் முறை நட்ட ஒரே மரத்தைக் காண்பதாக எனக்குத் திகில் பிறக்கிறது.

இதற்குப் பரிகாரம் தேடி ஹோண்டுராஸ் நாட்டு ஆராய்ச்சித் தோட்டத்தில் வாழைக்கு மறுபடியும் விவாகம் செய்வித்துப் பார்த்தார்கள். வௌவாலின் வேலையை மனிதன் ஏற்றுக்கொண்டு, ஏணி சாத்தி, ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் கையால் தடவினான். பழுத்த குலைகளைப் பிசைந்து சல்லடையில் தேய்த்து, குவியல் குவியலான கூழிலிருந்து விரல்விட்டு எண்ணத்தக்க விதைகளைப் பொறுக்கினான். அந்தக் கல்யாணங்களில் பெரும்பாலும் தாயாக நிறுத்தப்பட்டது, சந்தையிலிருந்து மறைந்துபோன அந்தக் குரோ மிஷெலின் குட்டை வகைதான்.