சவுடு மண்ணில் புதையும் பாம் மரங்கள்

திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் நடுவே இருக்கும் அண்ணனூரில் வீடு கட்ட ஆரம்பித்தால் முதல் வேலை மனையை உயர்த்துவதுதான். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் தெரு சில அங்குலம் ஏறுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சில அங்குலம் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். அதனால் லாரி லாரியாகச் சவுடு மண் வந்து இறங்குகிறது. பழைய வீட்டுக்காரர்களும் காம்பவுண்டுக்குள் இரண்டடி, மூன்றடி மேடாக்கி, மேலே பேவர் பிளாக் பதித்துவிடுகிறார்கள். கேட்டுக்கு இருபுறமும் ஆசையாய் வைத்த ராயல் பாமோ ஃபாக்ஸ்டெயில் பாமோ இருந்தால் அதன் அடிமரமும் அந்த மண்ணுக்குள் போய்விடுகிறது. நல்லதுதானே, காற்றுக்குச் சாயாமல் நிற்கும் என்பார்கள். பிறகு மட்டை சிறுக்கிறது, குருத்து வெளிறிச் சுருண்டு வருகிறது. தண்ணி பத்தலை போல என்று இன்னும் இரண்டு குடம் ஊற்றுவார்கள்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் அழகுப் பனைகளின் ஆரோக்கியத்தையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட டிமோத்தி பிராஸ்கட், அடிமரம் புதைந்தால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்த்து, 1995இல் முடிவை வெளியிட்டார். நம் நர்சரிகளிலும் கிடைக்கும் குட்டை ஈச்சையை எடுத்து, சிலவற்றைப் பழைய மட்டத்திலேயே நட்டார். மற்றவற்றை 15, 30, 60, 90 செ.மீ. என்று படிப்படியாக ஆழமாகப் புதைத்தார். 15 மாதம் கழித்துப் பார்த்தபோது, பழைய மட்டத்தில் நின்றவைதான் செழிப்பாக இருந்தன. ஆழம் கூடக்கூட மாங்கனீசுப் பற்றாக்குறையும் சாவும் கூடின. 90 செ.மீ. புதைந்தவற்றில் பாதிக்கு மேல் போய்விட்டன; அவற்றில் புது வேர் என்று சொல்ல ஏறக்குறைய எதுவுமே இல்லை. மேலே கொட்டிய மண்ணில் வேர் பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அந்தச் சோதனையோடு முடிந்தது. மூன்றடி என்பது ஏறக்குறைய அதே 90 செ.மீ.தான்.

வேப்பமரத்து வேர் வருடாவருடம் பருக்கும். பாம் மரத்தின் வேர் அப்படியில்லை. தூரிலிருந்து என்ன பருமனில் புறப்பட்டதோ, கடைசி வரை அதே பருமன்தான். தண்டிலும் இதே கதை. மற்ற மரங்களில் பட்டைக்கு அடியில் ஆண்டுதோறும் புது வளையம் கட்டும் திசு இருக்கிறதே, அது பனைக் குடும்பத்துக்குக் கிடையாது. வயிரம் வெளியே, சோறு உள்ளே. தொல்காப்பியம் இவற்றை மரத்தோடு சேர்க்காமல் புல் என்று வைத்ததற்கும் இதுதான் காரணம். இன்றைய தாவரவியலும் புல்லையும் பனையையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்று ஒரே கூட்டத்தில்தான் வைக்கிறது. இதைவிட வியப்பு ஒன்று உண்டு. பனைத் தண்டுகளை ஆயுள் முழுக்க ஆராய்ந்த பி.பி.டாம்லின்சன், 2012இல் ஒரு சக ஆய்வாளருடன் எழுதிய கட்டுரையில் சொல்வது இது: அடித்தண்டில் உயிரோடிருக்கும் செல்களுக்கு ஏறக்குறைய மரத்தின் வயதேதான். நூறு வயது மரமென்றால் நூறு வயது செல்கள், இன்னமும் வேலையில் இருக்கின்றன.

பழுதானால் மாற்று இல்லை என்பதுதான் இதன் மறுபக்கம். பாம் மரத்தில் காயம் மூடாது. தீபாவளிக்குச் சீரியல் லைட் மாட்ட அடித்த ஆணியின் ஓட்டை மரம் இருக்கும்வரை ஓட்டைதான். உச்சியில் இருப்பதோ ஒரே ஒரு குருத்து. அது போனால் ராயல் பாமுக்குப் பக்கக்கிளை வெடித்துப் பிழைக்கும் வழியில்லை.

இந்த இடத்தில்தான் சிவப்புக் கூன்வண்டு வருகிறது. நம் தென்னந்தோப்புகளின் பழைய எதிரி. வெட்டுப்பட்ட மரத்தின் வாசனைக்கு வந்து, காயத்தில் முட்டை வைக்கும். காலில்லாத வெள்ளைப் புழு உள்ளேயே தின்று வளரும். வெளியே தெரிவதெல்லாம் ஒரு சின்னத் துளை, அதிலிருந்து வழியும் செம்பழுப்புச் சாறு, மென்று தள்ளிய நார். மரத்தில் காதை வைத்தால் கரகரவென்று சத்தம் கேட்கும் என்று தென்னை விவசாயிகள் சொல்வார்கள். அந்தச் சத்தத்தைத்தான் இன்று ஒலி உணரிக் கருவிகள் பிடிக்கின்றன. தெற்காசியாவின் இந்த வண்டு 1980களில் வளைகுடா நாடுகளின் பேரீச்சைக்குப் போய், 1990களில் ஸ்பெயினை எட்டி, மத்தியதரைக்கடல் நகரங்களின் அழகு ஈச்சைகளைக் காலி செய்தது. மரத்தோடு மரமாக லாரியிலும் கப்பலிலும் பயணம் செய்ததே இந்த வேகத்துக்குக் காரணம்.

பச்சை மட்டையை வெட்டாதீர்கள், வெட்டித்தான் ஆகவேண்டுமென்றால் தண்டிலிருந்து 120 செ.மீ. விட்டு வெட்டுங்கள் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தென்னைக்குச் சொல்வது இந்த வண்டை மனதில் வைத்துத்தான். நம் குடியிருப்புகளில் நடப்பது நேர்மாறு. பொங்கலுக்கு முன்னால் ஆள் ஏறி, உச்சியில் நாலு மட்டையை மட்டும் விட்டு மொட்டையடித்துவிட்டு இறங்குவார். ராயல் பாமும் ஃபாக்ஸ்டெயிலும் காய்ந்த மட்டையைத் தாமே உதிர்க்கும் ரகம். அவற்றுக்கு இந்தச் சவரமே தண்டச் செலவு.

அடி மட்டை நுனி மஞ்சளாகிக் கருகினால் அசிங்கம் என்று அறுப்பதும் தப்பு. பெரும்பாலும் அது பொட்டாஷ் பற்றாக்குறை. கிழ மட்டையிலிருக்கும் சத்தை உறிஞ்சித்தான் மரம் குருத்தை வளர்க்கிறது. அதை அறுத்துவிட்டால் அடுத்த மட்டையிலிருந்து எடுக்கும், சரிவு வேகமாகும். இதையும் குட்டை ஈச்சையில் 1994இல் நிரூபித்தவர் அதே பிராஸ்கட்தான். வெறும் யூரியாவை அள்ளிப் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். காய்க்கும் தென்னை ஒன்றுக்கு வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு வருடத்துக்கு யூரியா 1.3 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. எது அதிகம் என்று பாருங்கள்.

2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈயைப் பார்த்துத்தான் மக்கள் அதிகம் பதறுகிறார்கள், காரின் மேல் பிசுபிசுப்பும் கரும்பூசணமும் படிகிறதே என்று. உண்மையில் அது மரத்தை அவ்வளவு சுலபத்தில் கொல்வதில்லை. கண்ட மருந்தை அடித்தால் அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா குளவிதான் முதலில் சாகும். தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதே போதும்.

மனையை உயர்த்தியே தீரவேண்டும் என்றால் மரத்தையும் கூடவே உயர்த்தலாம். வேரே பருக்காத இந்தக் குடும்பத்துக்கு அதுதான் ஒரு சௌகரியம்: ஆலையும் அரசையும் போல இல்லாமல், சின்ன வேர்ப்பந்தோடு பெரிய மரத்தையே பெயர்த்து நடலாம். வெட்டுப்பட்ட தென்னை வேர்களில் பாதியளவு மீண்டும் துளிர்க்கும். ராயல் பாமுக்கு வேரை எவ்வளவு நீளமாக விடுகிறோமோ அவ்வளவு நல்லது. மண் கொட்ட ஜேசிபி வரும் நாளிலேயே இதைச் செய்துவிடலாம், கோடை மழைக்குப் பின் என்றால் ரொம்ப நல்லது. பழைய மண்மட்டம் புது மண்மட்டத்தோடு சரியாக இருக்க வேண்டும். முட்டுக் கொடுக்கும் கட்டையை மரத்தில் ஆணியடித்து நிறுத்தக் கூடாது. தண்டைச் சுற்றிச் சாக்கைக் கட்டி, அதன் மேல் கட்டைத் துண்டுகளை வைத்துக் கயிற்றால் இறுக்கி, முட்டுக் கட்டையை அந்தத் துண்டுகளில் அடிக்க வேண்டும்.