எந்த வெள்ளி கணக்கில் சேரும்?

மலேசியச் செம்பனைத் தோட்டத்துச் சம்பளச் சீட்டை நிதானமாகப் படித்தவர்களுக்குத் தெரியும், அதில் சம்பளம் என்று ஒற்றை எண் இருக்காது. அடிப்படைச் சம்பளம் ஒரு வரியில் இருக்கும், அறுத்த குலைக்கான ஊக்கத்தொகை இன்னொரு வரியில் இருக்கும். ஓவர்டைம், ஓய்வுநாள் வேலை, ஏதாவது படிக்காசு இருந்தால் அதுவும் தனித்தனியாக வரும். அதற்குக் கீழே இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதி, சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிதி, சங்கச் சந்தா, முன்பணம் என்று பிடித்தங்கள் இறங்கும். அரிசி பருப்பு வாங்குகிற வீட்டுக்காரிக்குக் கடைசி வரியில் நிற்கும் தொகைதான் சம்பளம். வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கி அப்படிப் பார்ப்பதில்லை. அது ஒவ்வொரு வரியாக எடுத்து, இது நிலையான வருமானமா, ஏறி இறங்கும் வருமானமா, எண்ணலாமா கூடாதா என்று பிரித்துப் பார்க்கிறது. வீடு கிடைக்குமா கிடைக்காதா என்பது பல சமயம் சம்பளத்தின் அளவைவிட இந்தப் பிரிப்பைப் பொறுத்துத்தான் அமைகிறது.

போர்டிக்சன் என்றதும் கோலாலம்பூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது கடற்கரையும் தெலுக் கெமாங் ஞாயிற்றுக்கிழமைகளும். ஆனால் லுக்குட், சிலியாவ், லிங்கிப் பக்கம் வண்டியைத் திருப்பினால் இன்னொரு போர்டிக்சன் இருக்கிறது. சுவா பெத்தோங், தானா மேரா, சுங்காலா, அதர்ட்டன் என்ற தோட்டப் பெயர்கள் இன்றும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் வாழ்கின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு செம்பனையிலும் ஒரு பகுதி போய்த் தாமான்கள் வந்தன. சிரம்பான் சாலையில் பண்டார் ஸ்பிரிங்ஹில், அதற்கும் மேலே பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்று பெரிய குடியிருப்புகள் எழுந்துவிட்டன.

தோட்ட வீட்டின் சிக்கல் எல்லோருக்கும் தெரிந்ததே. அது வேலையோடு வருகிற வீடு. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு வசதிச் சட்டம் வீடு எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்கிறதே தவிர, வேலை முடிந்தபின் அது யாருக்குச் சொந்தம் என்பதை மாற்றவில்லை. முப்பது ஆண்டு லயத்தில் இருந்தவரும் ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஆகவே தோட்டத்துக் குடும்பத்துக்கு வீட்டுக் கடன் என்பது வசதி தேடுகிற விஷயம் அல்ல, அடுத்து எங்கே படுப்பது என்கிற விஷயம்.

அந்தக் குடும்பம் வந்து உட்காரும் வீட்டுக் கடன் அலுவலகம் உண்மையில் என்ன செய்கிறது? கடனை அங்கீகரிப்பது கிளை மேலாளர் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்று பெரும்பாலான வங்கிகளில் அப்படியில்லை. கிளையோ விற்பனைக் குழுவோ ஆளைத் தேடிப் பிடிக்கிறது, பத்திரங்களைச் சேர்க்கிறது, கணினியில் ஏற்றுகிறது. முடிவு தலைமையகத்தின் கடன் மையத்தில் எடுக்கப்படுகிறது. அதன் பிறகு வழக்கறிஞர், மதிப்பீட்டாளர், நில அலுவலகம் என்று கோப்பு அலைகிறது. குத்தகை நிலமாகவோ, பத்திரத்தில் கட்டுப்பாடு எழுதப்பட்ட மலிவு விலை வீடாகவோ இருந்தால், மாநில அதிகாரத்தின் ஒப்புதல் வரும்வரை எல்லாம் நிற்கும். இத்தனைக்கும் நடுவில் கோப்பு எங்கே கிடக்கிறது என்று துரத்திக்கொண்டிருப்பதுதான் கிளையின் அன்றாட வேலை.

கடன் மென்பொருள் இந்த வேலையைத்தான் ஒழுங்குபடுத்துகிறது. விண்ணப்பம் ஏறியதும் அது மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் கடன் பதிவை இழுத்துக் காட்டும். கடந்த 12 மாதங்களில் எந்தக் கடனுக்கு எத்தனை தவணை தவறியது என்று அங்கே கட்டம் கட்டமாக இருக்கும். பிள்ளையின் பிடிபிடிஎன் கல்விக் கடனும் அதில் தெரியும். பிறகு வருமானத்தையும் கடன் சுமையையும் வைத்துத் திருப்பிச் செலுத்தும் விகிதத்தைப் போடும். எந்த வரியை எந்தக் கட்டத்தில் போட வேண்டும் என்பதை மட்டும் ஆள்தான் சொல்ல வேண்டும்.

அந்த ஒரு கட்டம் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடிப்படை 1,700 ரிங்கிட், ஊக்கத்தொகை 500, ஓவர்டைம் 400, மொத்தம் 2,600 வாங்குகிற ஒருவரை வைத்துக்கொள்வோம். இபிஎஃப் 242 போகும். மோட்டார் சைக்கிள் தவணை 250. வங்கி கைக்கு வரும் பணத்தில் 60 விழுக்காடுவரை தவணைக்கு அனுமதிக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம், வங்கிக்கு வங்கி இது மாறும். மூன்று வரிகளையும் முழுதாக எண்ணினால் வீட்டுத் தவணைக்கு 1,164 ரிங்கிட் இடம் இருக்கிறது. 200,000 ரிங்கிட் கடனுக்கு 4.2 விழுக்காடு வட்டியில் 35 ஆண்டுத் தவணை சுமார் 910. தாராளமாகக் கிடைக்கும். அதே சீட்டில் ஓவர்டைமை விட்டுவிட்டு, ஊக்கத்தொகையில் பாதியை மட்டும் எண்ணினால் இடம் 774ஆகச் சுருங்குகிறது. இப்போது கடன் 170,000தான். ஆள் அதே ஆள், உழைப்பும் அதே உழைப்பு, கேட்டதற்கும் கிடைப்பதற்கும் வித்தியாசம் 30,000 வெள்ளி.

"ஓவர்டைம் கணக்குல வராதாண்ணே?" என்பது மேசைக்கு எதிரே அடிக்கடி எழும் கேள்வி. நியாயமான கேள்விதான், ஆனால் அதற்கு ஒரே பதில் கிடையாது. காரணம், சட்டங்களே இந்த வரிகளை ஆளுக்கு ஒரு விதமாகப் பிரித்து வைத்திருக்கின்றன. இபிஎஃப் சட்டத்தில் கமிஷனுக்குச் சந்தா உண்டு, ஓவர்டைமுக்குக் கிடையாது. ஆகவே சம்பளச் சீட்டில் 2,600 காட்டுகிறவரின் இபிஎஃப் அறிக்கை 2,200க்கான சந்தாவைத்தான் காட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் கடன் அதிகாரிக்கு முதலில் சந்தேகம்தான் வரும். தெரிந்த அதிகாரி அதை உடனே விளக்கிவிடுவார், தெரியாதவர் கோப்பைத் திருப்பி அனுப்புவார்.

கடற்கரை ஓட்டல்களில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இது இன்னும் கூர்மையானது. அவர்களுடைய வருமானத்தில் ஒரு பங்கு, விருந்தினர் பில்லில் சேர்த்து வாங்கப்படும் சேவைக் கட்டணம். அதற்கும் இபிஎஃப் கிடையாது. பள்ளி விடுமுறை மாதத்தில் ஏறும், மழைக்காலத்தில் இறங்கும். குறைந்தபட்சச் சம்பளம் வந்தபோது சில ஓட்டல்கள் இந்தக் கட்டணத்தையே அடிப்படைச் சம்பளத்தில் சேர்த்துக் கணக்குக் காட்டப் பார்த்தன. தொழிற்சங்கம் வழக்குக்குப் போனது. 2021இல் கூட்டரசு நீதிமன்றம், சேவைக் கட்டணம் ஊழியர்களுக்கு உரியது, அதைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக் கூடாது என்று முடித்துவைத்தது. சட்டப்படி அது தொழிலாளிக்குக் கிடைத்த வெற்றி. அந்த வெற்றிக்கு வீட்டுக் கடன் மேசையிலும் ஒரு பலன் உண்டு. அடிப்படை என்ற கட்டத்தில் விழுகிற எண் பெரிதாகிறது.

தோட்டத்திலும் அதேதான் நடந்தது. 2013இல் தீபகற்பத்துக்கு 900 ரிங்கிட் என்று தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம், 2022இல் 1,500, 2025இல் 1,700 என்று ஏறியது. மரக் கணக்கு, டன் கணக்கு, கமிஷன் என்று வாங்குகிற ஊழியரின் மாத வருமானமும் அதற்குக் கீழே இறங்கக் கூடாது. மழை பெய்தால் சம்பளமில்லை என்ற பழைய பால்வெட்டுக் காலத்தோடு ஒப்பிட்டால், வங்கி நம்பக்கூடிய ஓர் எண் இப்போதுதான் தோட்டத்துச் சீட்டில் வந்திருக்கிறது.

அது தாமதமாக வந்தது என்பதுதான் வருத்தம். 2012 முதல் வங்கிகள் மொத்த வருமானத்தை அல்லாமல், பிடித்தம் போக மிஞ்சும் வருமானத்தை வைத்தே கடன் கொடுக்க வேண்டும் என்று பேங்க் நெகாரா சொல்லிவிட்டது. 2013இல் வீட்டுக் கடனின் உச்சக் காலத்தை 35 ஆண்டாக்கியது. இரண்டும் கடனில் மூழ்காமல் காப்பதற்கான விதிகள், குறை சொல்ல முடியாது. ஆனால் பொதுவாக 70 வயதுக்குள் கடன் முடிய வேண்டும் என்று வங்கிகள் பார்ப்பதால், வயது ஏற ஏறத் தவணை எகிறும். மேலே சொன்ன 200,000 ரிங்கிட்டுக்கு 35 வயதுக்காரர் மாதம் 910 கட்டினால் போதும். 45 வயதுக்காரர் சுமார் 1,080 கட்ட வேண்டும். 55 வயதில், லயத்து வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தில் கேட்டால் 1,500.

இந்த விதிகள் வருவதற்குச் சற்று முன்பே, தோட்டக் குடும்பங்களுக்காக அரசாங்கம் ஒரு முயற்சி செய்தது. 2011ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று பேங்க் சிம்பானான் நேஷனல் வழியாக 50 மில்லியன் ரிங்கிட் வீட்டு நிதி அறிவிக்கப்பட்டது. வட்டி 4 விழுக்காடு, காலம் 40 ஆண்டு, அப்பா கட்டி முடிக்காததைப் பிள்ளை தொடரலாம். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் வேறு வழியில் போயிருந்தது. தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தைத் திரட்டி, துண்டாடப்பட்டு விற்கப்பட இருந்த தோட்டங்களையே வாங்கியது. கெடாவின் புக்கிட் சீடிம் அவற்றில் முதலாவது. அங்கே பங்குப் பணம் கட்டியவர்களிடம் யாரும் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை.

இனி மேசையின் மறுபக்கம். கடன் கேட்கிறவரின் சம்பளத்தை வகை பிரித்துக் கடன் விற்கும் இளைஞர், தாமே என்ன வகை?

சிலர் வங்கியின் நிரந்தர ஊழியர்கள், அடிப்படையும் கமிஷனும் வாங்குகிறவர்கள். சிலர் வெளி முகவர்கள், கடன் கைக்கு வந்தால்தான் அவர்களுக்குக் காசு. ஊழியர் என்றால் இபிஎஃப், சொக்சோ, ஆண்டு விடுப்பு, மருத்துவ விடுப்பு எல்லாம் உண்டு. முகவர் என்றால் எதுவும் தானாக வராது. கிளை நடத்துகிறவருக்கு இரண்டாவது மலிவு. அதில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் திருத்தப்பட்டு 2023 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்தபோது, 101சி என்ற புதிய பிரிவு சேர்ந்தது. எழுத்து மூலமான வேலை ஒப்பந்தம் இல்லாத இடத்தில், ஒருவரின் வேலையை இன்னொருவர் கட்டுப்படுத்தினால், வேலை நேரத்தை அவர் வகுத்தால், கருவிகளை அவர் கொடுத்தால், அந்த வேலை தொழிலின் பிரிக்க முடியாத பகுதியாக இருந்தால், அல்லது ஒழுங்கான இடைவெளியில் வரும் அந்தப் பணமே வருமானத்தின் பெரும்பகுதியாக இருந்தால், மாறாக நிரூபிக்கப்படும்வரை அவர் ஊழியர் என்று கருதப்படுவார். முகவர் என்று தாளில் எழுதிவிட்டால் மட்டும் போதாது, தொழிலாளர் வழக்குகளில் நீதிமன்றங்கள் நடைமுறையைத்தான் பார்க்கின்றன. காலை எட்டரைக்கு வாட்ஸ்அப் குழுவில் வருகை போடச் சொல்வது, கைப்பேசிச் செயலியில் எங்கே இருக்கிறார் என்று பார்ப்பது, மென்பொருளுக்கு அலுவலகக் கடவுச்சொல் கொடுத்து எத்தனை கோப்பு ஏற்றினார் என்று வாராவாரம் எண்ணுவது, இவையெல்லாம் மேலாளருக்கு நிர்வாகம். தொழிலாளர் இலாகாவுக்கு அவையே சாட்சியாகலாம். ஆட்களைக் கண்காணிக்க வாங்கிய மென்பொருள், அவர்கள் ஊழியர்கள்தான் என்று தேதியும் நேரமும் போட்டுச் சொல்லும்.

ஓவர்டைமிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குகிறவருக்குச் சட்டப்படி ஓவர்டைம் கட்டாயமில்லை. கமிஷனோடு 5,500 வாங்குகிறவர் இந்த வரம்பைத் தாண்டிவிட்டார் என்று பல முதலாளிகள் எண்ணிக்கொள்கிறார்கள். சட்டத்தின் முதல் அட்டவணை அப்படிச் சொல்லவில்லை. இந்த வரம்பைக் கணக்கிடும்போது கமிஷனையும் ஓவர்டைமையும் விட்டுவிட வேண்டும். அடிப்படை 2,600, கமிஷன் 2,900 என்றால் அவர் இன்னும் 4,000க்குக் கீழேதான். அடிப்படையை 26 நாளாலும் எட்டு மணியாலும் வகுத்தால் மணிக்கு 12.50, ஒன்றரை மடங்கில் 18.75. சனி, ஞாயிறு மேம்பாட்டாளரின் விற்பனைக் கூடத்தில் நிற்க வைத்த மணிகளை ஓராண்டுக்குக் கூட்டினால் கிளைக்கு வலிக்கும்.

கமிஷனை இபிஎஃப் எண்ணுகிறது, ஓவர்டைம் வரம்புக்கு வேலைச் சட்டம் விட்டுவிடுகிறது, வங்கி தன் விருப்பப்படி பாதியோ முக்காலோ எடுத்துக்கொள்கிறது. கடன் விற்கும் இளைஞர் தமக்கே வீடு வாங்கப் போனால், செம்பனை அறுக்கிறவர் கேட்ட அதே கேள்வியைத்தான் அவரும் கேட்க வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் இந்தச் சண்டை உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. வீட்டுக் கடன் அதிகாரிகளுக்கு ஓவர்டைம் தேவையில்லை என்ற பொருளில் 2006இல் விளக்கக் கடிதம் கொடுத்த அந்த நாட்டுத் தொழிலாளர் துறை, 2010 மார்ச்சில் அதை மாற்றி, பொதுவாக அவர்கள் விற்பனையாளர்கள், ஓவர்டைம் உண்டு என்றது. கடன் வங்கியாளர் சங்கம் எதிர்த்து வழக்குப் போட்டது. 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், பொதுக் கருத்துக் கேட்காமலே துறை தன் விளக்கத்தை மாற்றலாம் என்று தீர்ப்பளித்தது. அங்கே இன்னொரு விதியும் உண்டு. 2008 நெருக்கடியில் பாடம் கற்று, கூடுதல் வட்டிக்குக் கடனை விற்றவருக்குக் கூடுதல் கமிஷன் என்ற பழக்கத்தை 2011இல் தடை செய்தார்கள். கடன் மென்பொருளோ அங்கே தனிச் சாம்ராஜ்யம். என்கம்பஸ் என்ற மென்பொருளைச் செய்த எல்லி மே நிறுவனத்தை, நியூயார்க் பங்குச் சந்தையின் உரிமையாளரான நிறுவனம் 2020இல் சுமார் 11 பில்லியன் டாலருக்கு வாங்கியது.

நம் பக்கத்தில் இன்னும் எளிய பிரச்சினைகள் தீரவில்லை. சம்பளச் சீட்டே இல்லாத நாசி லெமாக் கடைக்காரர், லாரி வைத்து ஓட்டுகிறவர் ஆகியோருக்காக நிதியமைச்சு 2008இல் எஸ்ஜேகேபி என்ற கடன் உத்தரவாத நிறுவனத்தைத் தொடங்கியது. நிலையான வருமானம் இல்லாதவர் வாங்கும் முதல் வீட்டுக் கடனுக்கு, 500,000 ரிங்கிட்வரை, அது பங்கேற்கும் வங்கிகளிடம் உத்தரவாதம் நிற்கிறது. தொழிலில் வரும் பணத்தை உண்டியலில் வைக்காமல் வங்கிக் கணக்கு வழியே ஓடவிட்டவர்களுக்குத்தான் இது சுலபமாகக் கிடைக்கும்.

தோட்டத்துக் குடும்பங்களில் இன்று பெரும்பாலும் நடப்பது வேறு. அப்பாவுக்கு வயது இடம் கொடுக்காததால் பிள்ளையின் பெயரையும் சேர்த்துக் கடன் கேட்கிறார்கள். கணக்கு உடனே பொருந்திவிடும், அதிகாரியும் அதைத்தான் யோசனையாகச் சொல்வார். கையெழுத்துப் போடுமுன் பிள்ளை இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இணைக் கடனாளி பாதிக்கு மட்டும் பொறுப்பாளி அல்ல, அப்பாவால் முடியாமல் போனால் முழுக் கடனும் அவர் தலையில்தான். அதோடு வீட்டுப் பத்திரத்திலும் அவர் பெயர் ஏறினால், 500,000 ரிங்கிட் வரையிலான முதல் வீட்டுக்கு அரசாங்கம் தரும் முத்திரை வரி விலக்கு அந்த வீட்டோடு தீர்ந்துவிடும். நாளைக்குக் கல்யாணமாகித் தனக்கென்று வாங்குவது சட்டத்தின் கணக்கில் இரண்டாவது வீடு.