இடது காலுக்கு ஓய்வு

மாலை வேளையில் மதுரை கே.கே. நகரிலிருந்து கோரிப்பாளையம் தாண்டி மீனாக்ஷியம்மன் கோவிலுக்கு மோட்டார் ஓட்டிச் சென்றவர்களுக்கு, இடது கால் படும் பாடு நன்றாய்த் தெரியும். பத்துக் கஜம் நகர்வதற்குள் நாலு தடவை கிளச்சை மிதித்தாக வேண்டும். முழங்கால் வலியுள்ள என் நண்பர் ஒருவர், இதன் காரணமாகவே வண்டியை விற்றுவிட்டு வீட்டோடு இருந்துவிடுவதென்று தீர்மானித்திருந்தார்.

"விற்றுவிட்டுச் சும்மா இருப்பானேன், ஸார்? கிளச் மிதியே இல்லாத வண்டி வாங்குங்களேன்!" என்றேன்.

நான் வேடிக்கை செய்வதாக அவர் நினைத்தார். ஆனால் அது உண்மை. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்த் தொழிற்சாலை இருக்கிறதல்லவா? அந்தக் கம்பெனி 2020-ம் வருஷம் ஜூலை மாதம் 'வென்யு' வண்டியில் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கியரைச் சாரதியே மாற்ற வேண்டும். கிளச் வேலையை மட்டும் யந்திரம் பார்த்துக்கொள்ளும்.

கிளச் என்பது இஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் சேர்த்துப் பிரிக்கும் தட்டுகள்தான். அவை பிரிந்தால்தான் கியர் சுகமாய் மாறும். கியர்த் தடியைக் கை தள்ளத் தொடங்கியதுமே, அதிலுள்ள சென்ஸார் அந்த நோக்கத்தைக் கண்டுகொண்டு மின்சார மூளைக்குச் சேதி அனுப்புகிறது. உடனே எண்ணெயின் அழுத்தத்தால் தட்டுகள் பிரிகின்றன.

பிரிப்பது எளிது, சேர்ப்பதுதான் சாமர்த்தியம். சட்டென்று சேர்த்தால் வண்டி குலுங்கி நின்றுவிடும். ஆகவே இஞ்சினின் வேகம், கியர்ப் பெட்டித் தண்டின் வேகம், ஆக்ஸிலரேட்டர் அழுந்திய அளவு ஆகியவற்றைச் சென்ஸார்கள் ஓயாமல் தெரிவிக்கின்றன. வேகத்தை எப்படி அறிவது? சுழலும் பல்சக்கரத்தின் அருகே காந்தமுள்ள சிறு கருவி ஒன்று இருக்கும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு மின் துடிப்பு உண்டாகும். துடிப்புகளை எண்ணினால் வேகம் தெரிந்துவிடும். இரண்டு வேகங்களும் நெருங்க நெருங்க, தட்டுகளும் இறுகுகின்றன.

எண்ணம் புதிதல்ல. 1968-ம் வருஷத்து வோக்ஸ்வாகன் பீட்டில் வண்டிகள் சிலவற்றிலும் கியர்த் தடியைத் தொட்டு அசைத்தால் கிளச் தானே பிரியும்.

ஆயினும் நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏற்றத்தில் நிற்கும்போது, பிரேக்கை விட்டு ஆக்ஸிலரேட்டராலேயே வண்டியைத் தாங்கி நிறுத்தினால், தட்டுகள் உராய்ந்து சூடேறித் தேய்ந்துபோகும். சென்ஸார் அறிவது வேகத்தைத்தான். நம் அஜாக்கிரதைக்கு அது பிணையாகாது.

நண்பர் அந்த வகை வண்டியையே வாங்கினார். இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போய்வருகிறார். வழியில் ஏற்றம் வந்து வண்டி நின்றால், அவருடைய வலது கால் மறவாமல் பிரேக்குக்குப் போகிறது.