கான்கிரீட்டில் நார்: குண்டு பட்ட சுவரின் மறுபுறம்

மண்சுவர் எழுப்பும் குடியானவர், வைக்கோலை நறுக்கிச் சேற்றிலிட்டு மிதிப்பதை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். வைக்கோல் சேராத சுவர் காயும்போதே வெடித்துவிடும். துப்பாக்கிக் குண்டைத் தாங்க வேண்டிய கான்கிரீட்டிலும் இவ்வுபாயமே கையாளப்படுகிறது என்றால் அங்கத்தினர்கள் வியப்படையக்கூடும்.

1752-இல் திருச்சிக் கோட்டை முற்றுகையைக் கைவிட்ட சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் ஸ்ரீரங்கம் தீவின் கோயில் மதில்களுக்குள் அடைக்கலம் புகுந்தனர். அந்நாளில் பீரங்கிக்கு எதிரே நின்றது கல்லின் தடிப்பு ஒன்றே. இன்று காவற்சாவடிக்கும் வெடிமருந்துக் கிடங்கிற்கும் அவ்வளவு தடிப்பில் சுவர் வைப்பது எளிதன்று.

கான்கிரீட் அமுக்கத்தை நன்கு தாங்கும். இழுப்பைத் தாங்கும் வலிமையோ அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. விநாடிக்கு 700, 800 மீட்டர் வேகத்தில் குண்டு மோதும்போது சுவரின் முன்முகம் கிண்ணம்போல் பெயர்கிறது. கேடு அத்துடன் நிற்பதில்லை. மோதலில் எழும் அமுக்க அலை சுவரினூடே ஓடி, மறுமுகத்தை அடைந்ததும் இழுப்பு அலையாகத் திரும்புகிறது. அங்கே சில்லுகள் பெயர்ந்து தெறிக்கின்றன. குண்டு ஊடுருவாத சுவரின் பின்னே நிற்பவரும் இச்சில்லுகளால் உயிரிழக்கக்கூடும்.

இதனைத் தடுக்கவே எஃகு இழைகளைக் கலவையில் சேர்க்கின்றனர். பெரும்பாலும் 30 முதல் 60 மில்லிமீட்டர் நீளமும், கொக்கிபோல் வளைந்த நுனியும் உடையவை இவை. விரிசல் காணும் இடத்தில் இரு கரையையும் தைத்துப் பிடிக்கின்றன. இழை உருவப்படும்போது மோதலின் ஆற்றலும் செலவாகிறது. கன அளவில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு போதும். மிகுதியானால் இழைகள் உருண்டையாகத் திரண்டுவிடும். சிக்கு நூலின் தொல்லையை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை!

எனினும், குண்டு புகும் ஆழத்தை இழை அதிகம் குறைப்பதில்லை. அதற்குக் கலவையின் உறுதியும், ஜல்லியின் கடினமும், சுவரின் தடிப்புமே வேண்டும். இழையின் வேலை சிதறலை அடக்குவது.

வாழை நார் இதற்கு உதவாதா என்று காவிரிக்கரை விவசாயிகள் கேட்பது இயல்பே. திருச்சியில் 1993-இல் தோன்றிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நாரின் பயன்களையும் ஆராய்ந்து வருகிறது. ஆனால் சிமெண்டின் காரம் தாவர நாரை நாளடைவில் அரித்து முறியச் செய்யும். பக்குவம் செய்த நார், மெல்லிய பலகைகளுக்கும் சிறு வெடிப்புகளைத் தடுக்கவும் உதவலாம். எஃகின் இடத்தில் அதனை வைக்க நாம் துணியோம். குண்டு துளைக்காச் சுவருக்கென எவரேனும் நார் கேட்டு ஒப்பந்தம் பேசினால், சோதனைச் சான்றைக் கேளுங்கள்: எந்தத் துப்பாக்கி, எவ்வளவு தூரம், சுவரின் தடிப்பு என்ன, மறுபுறம் சில்லு பெயர்ந்ததா, வார்த்து எத்தனை ஆண்டு கழித்துச் சுட்டுப் பார்த்தார்கள்?