கபரகொய்யா பெருகினால் உடும்பு பிழைத்ததாகாது

வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் கபரகொய்யா வெயில் காய்வதைப் பார்த்துப் பழகியவர்கள், இந்த நாட்டில் உடும்பு இனத்துக்கு என்ன குறை என்று கேட்பதுண்டு. அந்தக் கேள்வி இரு இனங்களை ஒன்றாக எண்ணுகிறது. வரானஸ் என்ற பேரினத்தில் இலங்கைக்கு உரியவை இரண்டு: தலகொய்யா எனப்படும் உடும்பு (வரானஸ் பெங்காலென்சிஸ்), கபரகொய்யா எனப்படும் நீருடும்பு (வரானஸ் சல்வேட்டர்). மூக்குத் துளையைக் கொண்டே இவற்றைப் பிரித்தறியலாம். கபரகொய்யாவுக்கு அது முகநுனியை ஒட்டி உருண்டையாக இருக்கும். உடும்புக்கு நுனிக்கும் கண்ணுக்கும் இடையே சாய்ந்த கீறலாக இருக்கும்.

வாழிடமும் வேறு. கபரகொய்யா பக்கவாட்டில் தட்டையான வாலை வீசி நீந்தும். மீன், நண்டு, எலி, செத்த பிராணி, குப்பைமேட்டுக் கழிவு எதையும் தின்னும். 2018இல் ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற கொழும்பின் கால்வாய்களும் சதுப்புகளும் அதற்குப் போதும். உடும்போ தரையை நம்பியது. பற்றையிலும் தோட்டத்திலும் வறண்ட காட்டிலும் வண்டு தேடி மண்ணைக் கிளறும். குழியிலும் கறையான் புற்றிலும் முட்டையிடும். கொங்கிரீட் போட்ட வளவில் அதற்கு இடமில்லை.

இவற்றின் கதியைப் பெரிதும் பிரித்தது மனிதரின் நாக்கு. கபரகொய்யா நஞ்சு என்று ஒதுக்கப்பட்டது, உடும்பு கறியானது; 1681இல் வெளிவந்த, ஆங்கிலேயரான ரொபர்ட் நொக்ஸ் இலங்கையைப் பற்றி எழுதிய நூலே இந்த வேறுபாட்டைக் குறிப்பிடுகிறது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இன்று கபரகொய்யா கவலை குறைந்த இனம்; உடும்பு அச்சுறுத்தலை அண்மித்த இனம். சைட்டிஸ் உடன்படிக்கையும் உடும்பை முதலாம் இணைப்பில் வைத்து அதன் சர்வதேச வணிகத்தைத் தடுக்கிறது. கபரகொய்யா இரண்டாம் இணைப்பில், அனுமதியோடு விற்கக்கூடிய நிலையில் இருக்கிறது.

ஈரான் தொட்டு மியன்மார் வரை பரந்திருக்கும் உடும்புக்கு ஏன் இத்தனை கவலை என்று கேட்கலாம். பரந்த எல்லை மட்டும் காவலாகாது. அந்த எல்லையின் பல பகுதிகளில் அது இறைச்சிக்கும் மருந்துக்கும் வேட்டையாடப்படுகிறது. பரம்பரை உணவாயிற்றே என்பது இன்னொரு வாதம். காடு நிறைய இருந்த காலத்துப் பழக்கத்தை, பற்றையும் வெட்டப்படும் காலத்தில் அப்படியே தொடர முடியாது. கபரகொய்யாவுக்குக் கால்வாய்க் கரையைக் கெடுக்காமல் விட்டாலே பெரும்பாலும் போதும். உடும்புக்கு மண்தரையும் வேண்டும், அதன் இறைச்சியை வேண்டாம் என்று சொல்லும் மனிதரும் வேண்டும்.