டயர் புகையும் அப்பா பெயரில் இருக்கும் ஆர்.சி. புத்தகமும்

முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலேட்டரை முறுக்கி, கிளட்சைச் சட்டென்று விட்டால் வண்டி நகராது. பின் சக்கரம் மட்டும் நின்ற இடத்திலேயே சுற்றும். சில நொடிகளில் டயர் சூடேறி வெள்ளைப் புகை கிளம்பும், தார் ரோட்டில் கறுப்புக் கோடு விழும். பையன்கள் இதைத்தான் ‘பர்ன்அவுட்’ என்கிறார்கள். ரீல்ஸில் பார்க்கக் கெத்தாகத்தான் இருக்கிறது.

அந்த நேரத்தில் வண்டியை நிறுத்தி வைத்திருப்பது முன் பிரேக் ஒன்றுதான். விரல் வழுக்கினாலோ பிரேக் பிடி தளர்ந்தாலோ, முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் பின் சக்கரம் வண்டியை முன்னால் எகிறச் செய்யும். எதிரே நிற்பவர் பெரும்பாலும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருக்கும் நண்பராக இருப்பார். மணலூர்பேட்டை மாதிரி ஆற்றோர ஊர்களில் ரோட்டில் மணல் படிந்து கிடப்பது சகஜம். மணலில் முன் சக்கரம் பிடிக்காது, பக்கவாட்டில் இழுத்துப் போய்விடும். நின்ற இடத்தில் என்ஜினை முறுக்கும்போது காற்று படாமல் சூடு ஏறும், கிளட்ச் பிளேட் கருகும். டயர் அங்கேயே வெடிக்கலாம். வெடிக்காவிட்டாலும் ரப்பர் தேய்ந்து நூல் தெரியும். மறுநாள் அதே டயரில் தங்கையைப் பள்ளியில் விடப் போவார்கள். எனக்குப் புகையைவிட அந்த மறுநாள்தான் பயமாக இருக்கிறது.

“ரோட்டில் செய்யவில்லையே, ஆற்றங்கரையில்தானே” என்ற சமாதானம் செல்லாது. மக்கள் உரிமையோடு வந்துபோகும் எந்த இடமும் மோட்டார் வாகனச் சட்டத்தில் பொது இடம்தான். தை 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குத் திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் மணலூர்பேட்டைத் தென்பெண்ணைக் கரை, பொது இடம் இல்லாமல் வேறென்ன?

ஆபத்தாக வண்டி ஓட்டினால் 184ஆம் பிரிவு. முதல் முறை 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று ஆண்டுக்குள் மீண்டும் சிக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சைலன்சரை மாற்றியிருந்தால் அதற்குத் தனி வழக்கு. “அவ்வளவுதானே, கட்டிவிடலாம்” என்று பையன்கள் கணக்குப் போடுவது இந்த அபராதத் தொகையை மட்டும் பார்த்துத்தான். கணக்கு அங்கேயே தப்பு.

2023 செப்டம்பர் 17 அன்று காஞ்சிபுரம் மாவட்டம் தாமல் அருகே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வீலிங் செய்யப்போய்த் தூக்கி வீசப்பட்டார் யூடியூபர் டி.டி.எஃப். வாசன். கை முறிந்தது, கைதானார். ஜாமீன் கேட்டபோது, பைக்கை எரித்துவிட்டு யூடியூப் சேனலையும் மூடிவிட்டு வரலாம் என்று உயர் நீதிமன்ற நீதிபதி கடிந்துகொண்டார். நவம்பரில்தான் ஜாமீன் கிடைத்தது. ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுக்கு ரத்து. அதற்கு முந்தைய ஆண்டு தேனாம்பேட்டையில் சாகசம் காட்டிய ஹைதராபாத் இளைஞருக்கு, சிக்னலில் நின்று விழிப்புணர்வுத் துண்டறிக்கை கொடுக்க வேண்டும், அரசு மருத்துவமனை விபத்துப் பிரிவில் உதவியாகவும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு ஜாமீன் கொடுத்தது இதே உயர் நீதிமன்றம்.

இன்சூரன்ஸ் விஷயம் இதைவிடக் கடுமை. கர்நாடகத்தில் 2014இல் வேகமாக ஓட்டிய கார் கவிழ்ந்து ஓட்டியவரே இறந்தார். குடும்பம் 80 லட்சம் கேட்டது. தன் தவறால் தானே இறந்தவருக்காக விபத்து இழப்பீட்டு மனு மூலம் பணம் கேட்க முடியாது என்ற தீர்ப்பில் தலையிட உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் மறுத்துவிட்டது. பர்ன்அவுட்டில் அடிபடும் பையனின் வீட்டுக்கும் இதே கதி நேரலாம்.

ஆனால் வேடிக்கை பார்த்து நின்றவரோ, வழியில் போனவரோ அடிபட்டால் அவருக்கு உரிமை உண்டு. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். தான் குடியிருக்கும் பகுதித் தீர்ப்பாயத்திலேயே போடலாம். சட்டம் சொல்லும் கெடு 6 மாதம் என்பதால் எஃப்.ஐ.ஆர். நகலை உடனே வாங்கி வையுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100க்கு அழைத்து இலவசச் சட்ட உதவி கேளுங்கள். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லையென்றால், இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும் பணத்தை வண்டி உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்க நீதிமன்றங்கள் அனுமதிக்கின்றன.

சிகிச்சைக்குப் பணத்தைத் தேடி ஓட வேண்டாம். தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். மத்திய அரசின் திட்டத்தில் 7 நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. 108க்கு அழைத்து ஆஸ்பத்திரியில் சேர்ப்பவர் தன் பெயரைக்கூடச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

பிடிபட்ட பையனுக்கும் உரிமை இருக்கிறது. லைசென்ஸைப் போலீஸ் வாங்கினால் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். ரத்து செய்யும் முன் அவர் தரப்பை ஆர்.டி.ஓ. கேட்டாக வேண்டும். உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

வண்டி ஓட்டும் வெறி நிஜமாகவே இருந்தால் அதற்கு இடம் இருக்கிறது: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக், கோவை செட்டிப்பாளையத்தில் இன்னொன்று. அங்கே கவச உடையும் ஆம்புலன்சும் உண்டு. ரீல்ஸுக்கு லைக் குறையலாம்.

நம் ஊர்ப் பக்கம் வண்டி பெரும்பாலும் அப்பா பெயரில்தான் இருக்கும். பதினெட்டு வயது ஆகாத பையன் கையில் சாவி போய் இப்படி ஏதாவது நடந்தால், 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான் என்றால், அதை நிரூபிக்க வேண்டியவரும் அப்பாதான். ஆகவே இன்று ராத்திரி வண்டியின் பின் டயரை ஒருமுறை குனிந்து பாருங்கள். நடுவில் மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தால், சாவியை எடுத்து வைத்துவிட்டுப் பையனிடம் பேசுங்கள்.