தங்கம் கெடாது, நகை கெடும்

நெக்லஸ் வாங்குகிறவர்கள் முன்பக்கத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். அது அறுந்து விழுவதோ பெரும்பாலும் பின்பக்கத்தில். கூந்தலுக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல், ஒரு கொக்கியும் இரண்டு வளையமும்தான் நாலு பவுனையும் தாங்கிக்கொண்டு கிடக்கின்றன.

புதுச்சேரிக்குத் தெற்கே, தவளக்குப்பத்திலிருந்து மேற்கே பிரிந்து போகும் சாலையில் இருக்கிறது அபிஷேகப்பாக்கம். சிங்கிரிகுடி நரசிம்மர் கோயிலுக்குப் பக்கத்து ஊர். வீட்டில் ஒரு கல்யாணம் கூடிவந்தால் நகை எடுக்க வடக்கே புதுச்சேரி நேரு வீதிக்கும் போகலாம், தெற்கே கடலூருக்கும் போகலாம். நெல்லும் கரும்பும் விளையும் இந்த வட்டாரத்தில் நகை வெறும் அலங்காரம் அல்ல. நடவுக்கு முன் அடகுக்குப் போய், அறுப்புக்குப் பின் வீடு திரும்பும் முதல் அது. ஆகவே கழுத்துக்கு அழகா என்பதோடு, உருக்கினால் எவ்வளவு தேறும், பத்து வருஷம் போட்டால் எவ்வளவு மிஞ்சும் என்ற கேள்விகளும் சேர்ந்தே வருகின்றன.

இந்தப் பக்கத்துக்குக் கழுத்தணி புதிதும் அல்ல. அபிஷேகப்பாக்கத்துக்கு வடகிழக்கே சில கிலோமீட்டரில் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமானிய உலகத்து மட்பாண்டங்கள் கிடைத்தன. கண்ணாடியிலும் கல்லிலும் மணி செய்த ஊர் அது. இந்தியப் பண்டங்களுக்காக ஆண்டுதோறும் பெரும் பணம் கிழக்கே போய்விடுகிறது என்று முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி அலுத்துக்கொண்டார்.

மஞ்சள் நிறத்தின் காரணம்

உலோகங்களில் பெரும்பாலானவை வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். தங்கம் மட்டும் ஏன் மஞ்சள்? தங்க அணுவின் கருவில் 79 புரோட்டான்கள் உள்ளன. அந்த இழுப்புக்கு ஈடுகொடுக்க, உள்வட்ட எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் சுற்றுகின்றன. அந்த வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்பியல் விளைவுகள் தலைகாட்டி, அணுவின் ஆற்றல் மட்டங்களைச் சற்றே இடம் மாற்றிவிடுகின்றன. விளைவாகத் தங்கம் நீல ஒளியை விழுங்குகிறது. திரும்பி வருவது மஞ்சள். அதே காரணத்தால் வெளி எலக்ட்ரானும் இறுகப் பிடிபட்டிருப்பதால், தங்கம் காற்றோடும் நீரோடும் எளிதில் சேராது, துருவும் பிடிக்காது.

ஆனால் சுத்தத் தங்கம் மிக மென்மையானது. ஒரு கிராமை அடித்து ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் தகடாக விரிக்கலாம். அப்படிப்பட்டதைச் சங்கிலியாக்கினால் வளையம் இழுபட்டுத் திறந்துவிடும். அதனால்தான் செம்பும் வெள்ளியும் சேர்க்கிறோம். தங்க அணுக்கள் வரிசை வரிசையாக வழுக்கி நகரும். அளவில் மாறுபட்ட செம்பு அணுக்கள் நடுவில் புகுந்து அந்த வழுக்கலைத் தடுக்கின்றன. அதுவே நகையின் கெட்டித்தன்மை.

22 காரட் என்பது 24 பங்கில் 22 பங்கு தங்கம். ஆயிரத்துக்கு 916 பங்கு. 8 கிராம் கொண்ட ஒரு பவுன் நகையில் சுத்தத் தங்கம் 7.33 கிராம், மீதி செம்பும் வெள்ளியும். நகை கறுக்கிறது, கழுத்தில் கரி போல ஒட்டுகிறது என்றால் அந்த மீதியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வியர்வையும் கந்தகமும் செம்பையும் வெள்ளியையும்தான் பிடிக்கின்றன.

பொடி வைத்து ஊதிய இடம்

ஒருவர் உள்ளர்த்தத்தோடு பேசினால் "பொடி வைத்துப் பேசுகிறார்" என்கிறோம். ஆசாரியின் பட்டறையிலும் பொடி உண்டு. இரண்டு துண்டுகளை இணைக்க, சந்தில் பற்றுப்பொடியும் வெங்காரமும் வைத்து, ஊதுகுழலால் நெருப்பை அந்த இடத்தில் மட்டும் பாய்ச்சுவார். வெங்காரம் உலோகத்தின் மேல் படியும் ஆக்சைடைக் கரைத்து வழிவிடும். பொடி உருகிச் சந்தில் ஓடும்.

பொடி நகைக்கு முன்னால் உருக வேண்டும். இல்லாவிட்டால் நகையே உருகிவிடும். சுத்தத் தங்கம் 1064 டிகிரி செல்சியஸில் உருகும். அதைவிடக் குறைந்த சூட்டில் உருக, பொடியில் செம்பும் வெள்ளியும் கூடுதலாகப் போடுவார்கள். எனவே நெக்லஸின் ஒவ்வொரு பற்றும் நகையைவிட மாற்றுக் குறைந்த தங்கம். நூறு பற்று வைத்த வேலைப்பாடான மாங்காய் மாலையை உருக்கினால் தரம் இறங்கியது இதனால்தான்.

இதைச் சரிக்கட்ட வந்ததுதான் கேடிஎம். காட்மியம் என்ற உலோகத்தைத் தங்கத்தில் கொஞ்சம் சேர்த்தாலே உருகுநிலை நன்றாக இறங்கும். ஆகவே பற்றும் 92 சதவீதம் தங்கமாக இருக்கும். வாங்குகிறவருக்கு லாபம். ஊதுகிறவருக்கு? காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பிஐஎஸ்) அதை ஏற்பதில்லை. துத்தநாகம் போன்றவை கலந்த பற்றுகள் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. இன்றும் ஒருவர் "சுத்தமான கேடிஎம் நகை" என்று பெருமையாகச் சொன்னால், அது பற்று வைக்கும் முறையின் பெயர், தரத்துக்கு முத்திரை அல்ல என்பது நினைவிருக்கட்டும்.

அரக்கு, கல், நூல்

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் நகைப் பட்டியல் போல நீளும். பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்ற கல், மணிகள் பதித்த நகைகளை நிறுக்கத் தட்சிணமேருவிடங்கன் என்ற கல் என்று இரண்டு எடைக்கற்கள். முத்து எத்தனை, மணி எத்தனை, அரக்கு சேர்த்த எடையா, நூல் நீக்கிய எடையா என்பதையும் கல்லில் வெட்டிவைத்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் கோயில் பண்டாரம் கேட்ட கணக்கை இன்று கடையில் நாம் கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை.

அட்டிகையிலும் கல் நெக்லஸிலும் கல்லுக்கு அடியில் அரக்கு இருக்கலாம். உள்கூடான குண்டுமணிகளுக்குள்ளும் அரக்கு அடைப்பது உண்டு, நசுங்காமல் தாங்குவதற்காக. அரக்கு குற்றம் அல்ல. அரக்குக்குத் தங்க விலை கொடுப்பதுதான் குற்றம். நாலு பவுன் நெக்லஸில் கல்லும் அரக்கும் 3 கிராம் என்றால், தராசில் 32 கிராம் காட்டினாலும் தங்கம் 29 கிராம்தான். பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை என மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். அடகுக்குப் போகும் நாளில் வங்கி கல்லையும் அரக்கையும் கழித்துத்தான் மதிப்புப் போடும்.

அடுத்தது செய்கூலியும் சேதாரமும். அரத்தால் ராவும்போதும் உருக்கும்போதும் உதிரும் தூளே ஆதியில் சேதாரம். பட்டறைச் சாம்பலையும் மண்ணையும் வாங்கிக் கழுவித் தங்கம் பிரிப்பதைத் தொழிலாகவே செய்தவர்கள் உண்டு என்பதிலிருந்தே அந்தத் தூளின் மதிப்பு புரியும். இன்று இயந்திரம் வார்த்த நகைக்கும் சேதாரம் போடுகிறார்கள்; இப்போது அது கூலியின் இன்னொரு பெயர். 32 கிராமுக்கு 12 சதவீதம் என்றால் 3.84 கிராம், ஏறக்குறைய அரைப் பவுன். திரும்ப விற்கும்போது அது கைக்கு வராது. கண்ணைப் பறிக்கும் நுணுக்க வேலைக்கு அந்த விலை தகும் என்று மனம் சொன்னால் வாங்கலாம். சேமிப்புக்கென்று வாங்குகிறவர் வேலை குறைந்த, கெட்டியான நகையையோ காசையோ எடுப்பது மேல்.

மூன்று அடையாளங்கள்

உரைகல்லில் இழுத்து, அமிலம் தொட்டுப் பார்ப்பது பழைய வழி. தேர்ந்த கண்ணுக்கு அது நிறையச் சொல்லும்; ஆனால் மேல்தோலைப் பற்றி மட்டும். கடைகளில் உள்ள எக்ஸ்ரே கருவியும் அப்படியே. தலைமுடியின் பருமன் அளவுக்குக்கூடத் தங்கத்துக்குள் அதன் பார்வை இறங்காது. உறுதியான வழி நெருப்புச் சோதனை. நகையிலிருந்து சிறு துணுக்கு எடுத்து, வெள்ளியும் ஈயமும் சேர்த்து உருக்குவார்கள். ஈயம் செம்பை இழுத்துக்கொண்டு பிரியும். நைட்ரிக் அமிலம் வெள்ளியைக் கரைத்துவிடும். மிஞ்சிய தங்கத்தை நிறுத்தால் தரம் தெரியும்.

ஹால்மார்க் முத்திரைக்குப் பின்னால் இருப்பது இந்தச் சோதனைகள். 2000இல் தொடங்கிய திட்டம், 2021 ஜூனில் 256 மாவட்டங்களில் கட்டாயமானது. நகையில் மூன்று அடையாளங்கள் இருக்கும்: பிஐஎஸ் முக்கோணச் சின்னம், 22கே916 போன்ற தரக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி. கடைகளில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருக்க வேண்டும். கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்த ஆறு இலக்கத்தைப் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் கடையின் பதிவு, சோதனை மையம், தரம், நகையின் வகை எல்லாம் வரும். வகையைக் கட்டாயம் பாருங்கள். கையில் இருப்பது நெக்லஸ், செயலி மோதிரம் என்று சொன்னால் அந்த எண் வேறு நகையுடையது.

முத்திரை சொன்ன தரம் பின்னால் குறைவாக இருந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்குகிறவருக்குத் தர வேண்டும் என்கிறது 2018ஆம் ஆண்டு விதி. அதற்கு பில் வேண்டும். பில் இல்லாமல் மிச்சப்படுத்தும் 3 சதவீத ஜிஎஸ்டி, இந்தப் பாதுகாப்பை விற்றுப் பெறும் தள்ளுபடி.

பின்பக்கத்தைத் திருப்புங்கள்

தரம் தெரிந்தபின் கட்டுமானம். நெக்லஸைக் கழுத்தில் போட்டு, குனிந்து நிமிர்ந்து, தலையைத் திருப்பிப் பாருங்கள். முகப்பு புரண்டுகொண்டால் தினசரிக்கு உதவாது. பதினாறு அங்குலம் கழுத்தை ஒட்டி நிற்கும், பதினெட்டு காறையெலும்பு வரை இறங்கும் என்பது பொதுக்கணக்கு. உங்கள் கழுத்துதான் தீர்ப்பு. பிறகு கழற்றித் திருப்பிப் போடுங்கள். பற்று வைத்த இடங்கள் வழவழப்பாக, ஓட்டையில்லாமல் இருக்கின்றனவா? கடைசி வளையம் மற்ற வளையங்களைவிடத் தடியாக இருக்கிறதா? ஒரு விரல் நுனியால் தடவினால் துணியில் மாட்டும் முள் எதுவும் தட்டுப்படுகிறதா?

எஸ் கொக்கியைப் பல்லால் கடித்து மூடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் எப்படி இறுகி ஒடியுமோ அப்படியே தங்கமும். ஒவ்வொரு கடியும் ஒரு வளைப்பு. தினமும் போட்டுக் கழற்றும் நகைக்குத் திருகுக் கொக்கி நல்லது. தாலிச் சங்கிலியில் ஊக்கு மாட்டுகிறவர்களும் ஒன்று கவனிக்க வேண்டும்: இரும்பு தங்கத்தைவிடக் கடினம். ஊக்கு உரசும் வளையம் அரத்தால் ராவியதுபோல மெலியும்.

அபிஷேகத்துக்கு முன்

கோயிலில் அபிஷேகம் தொடங்குமுன் சாமியின் நகைகளைக் கழற்றி வைப்பார்கள். பாலும் தயிரும் சந்தனமும் முடிந்து, துடைத்து, உடுத்தி, அலங்காரத்தின்போதுதான் நகை திரும்பும். வீட்டுக்கும் அதே விதி போதும். எண்ணெய், மஞ்சள், சோப்பு, பவுடர், சென்ட் எல்லாம் முடிந்தபின் நகை. கழற்றும்போது முதலில் நகை.

நகைக்குப் பெரிய எதிரி தூசி. மண் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ், கடின அளவுகோலில் 7. தங்கம் 3ஐக்கூடத் தாண்டாது. எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிய தூசி, வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவில் உப்புத்தாள் போல வேலை செய்யும். பழைய சங்கிலி எடை குறைந்திருப்பதன் ரகசியம் இதுவே. மாதம் ஒருமுறை பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரிலோ லேசான சோப்பு நீரிலோ கால் மணி நேரம் போட்டு, மெல்லிய பிரஷால் தேய்த்து, கிண்ணத்திலேயே அலசி, பருத்தித் துணியில் உலர்த்துங்கள். பற்பசை வேண்டாம், அதுவே ஒரு மெருகுத்தூள். பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம்.

அரக்கு வைத்த கல் நகையை ஊறப்போடக் கூடாது, வெந்நீர் காட்டவும் கூடாது. அரக்கு இளகினால் கல் உதிரும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். முத்தும் பவளமும் சுண்ணாம்புப் பொருள்; புளியும் எலுமிச்சையும் அவற்றை அரிக்கும். முத்து கோத்த நூல் தளர்ந்தால் அறுவதற்குமுன் மாற்றிக் கோக்க வேண்டும்.

பாதரசத்திடம் தங்கத்தை நெருங்கவிடாதீர்கள். தெர்மாமீட்டர் உடைந்து ஒரு சொட்டு பட்டாலே நகை வெளுத்துவிடும். ஆசாரியிடம் கொண்டுபோகும்போது பாதரசம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தெரியாமல் சூடு காட்டினால் அந்த ஆவி அவருக்கு நஞ்சு. வாசலில் வந்து பாலீஷ் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் நகையே கொடுக்காதீர்கள். நைட்ரிக் அமிலம் ஒரு பங்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கும் சேர்ந்த ராஜதிராவகம் தங்கத்தையே கரைக்கும். நகை பளபளவென்று திரும்பும். கரைந்த தங்கம் அவர் பாத்திரத்தோடு போகும். தெரிந்த கடையில் பாலீஷ் போட்டாலும் முன்னும் பின்னும் எடை போடச் சொல்லுங்கள்.

வைக்கும்போது ஒரு நகைக்கு ஒரு துணி. ரப்பர் பேண்டில் கந்தகம் இருப்பதால் அதைச் சுற்றிவைக்க வேண்டாம். பில்லையும் நகையின் படத்தையும் வேறிடத்தில் வையுங்கள்.

இன்று இரவு நெக்லஸைக் கழற்றும்போது விளக்கடியில் கடைசி வளையத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் மெலிந்திருந்தால் அடுத்த கல்யாணம் வரை காத்திருக்காமல் ஆசாரியிடம் போய்விடுங்கள். வளையம் மாற்ற ஆகும் கூலி, தொலைந்த நெக்லஸின் சேதாரத்துக்குக்கூட ஈடாகாது.